ஆண்டனி ட்ரோலப்: தபால் இலாகா சம்பளமும் 47 நாவல்களும்

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரோலப் 1882 டிசம்பரில் இறந்தார். பத்து மாதம் கழித்து அவருடைய சுயசரிதை வெளிவந்தது. அதன் கடைசி அத்தியாயத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தப் புத்தகம், எந்த ஆண்டு, எத்தனை பவுண்டு என்று வரிசையாக எழுதி, அடியில் கூட்டுத்தொகையும் போட்டிருக்கிறார்: 68,939 பவுண்டு, 17 ஷில்லிங், 5 பென்ஸ். வசதியான தொகைதான், பிரமாதம் என்று சொல்ல முடியாது என்பது அவரே சேர்த்த குறிப்பு.

அன்றைய இலக்கிய வாசகர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு இத்தனை சொல் என்று எழுதிய மனிதன், எழுதியதற்கு வாங்கிய கூலியையும் பைசா விடாமல் சொல்கிறானே என்று முகம் சுளித்தார்கள். இறப்பதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்த அவருடைய மதிப்பு, இந்தப் புத்தகத்துக்குப் பிறகு இன்னும் இறங்கியது.

எனக்கு அந்தப் பட்டியல்மேல் பெரிய மரியாதை உண்டு. நாவலாசிரியர் எதை வைத்துச் சாப்பிட்டார், எதை வைத்து எழுதினார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஆள் இவ்வளவு வெளிப்படையாகப் பதில் எழுதிவைத்தது அபூர்வம். தமிழில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் வங்கியிலோ பள்ளியிலோ அரசு அலுவலகத்திலோ சம்பளம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறார்கள். வேலை எழுத்தைத் தின்றுவிடுகிறது என்ற புலம்பல் நமக்குப் புதிதல்ல. ட்ரோலப் 33 ஆண்டு தபால் இலாகாவில் இருந்தவர். அவருடைய வாழ்க்கையைக் கணக்கோடு பார்த்தால், அந்த வேலை எடுத்துக்கொண்டதைவிடக் கொடுத்தது அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுத்தது சோறு மட்டும் அல்ல.

கடன்காரன் வீட்டுப் பையன்

ட்ரோலப் பிறந்தது 1815இல், லண்டனில். அப்பா வழக்கறிஞர். படித்தவர், உழைப்பாளி, ஆனால் முன்கோபி. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். லண்டனுக்கு அருகே ஹாரோவில் நிலம் குத்தகைக்கு எடுத்து விவசாயம் பார்த்தார், அதிலும் நஷ்டம். பையனை ஹாரோவின் பெரிய பள்ளியில் கட்டணம் அதிகமில்லாத உள்ளூர் மாணவனாகச் சேர்த்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே, அழுக்குச் சட்டையும் சேறு படிந்த காலணியுமாக அவன் போய்வந்தான். விளையாட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அம்மா, பிரான்சஸ் ட்ரோலப். அமெரிக்காவுக்குப் போய் வியாபாரம் செய்து தோற்றுத் திரும்பியவர், அந்த நாட்டைப் பற்றி 1832இல் ஒரு புத்தகம் எழுதினார். அது நன்றாக விற்றது. அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆனாலும் கடன் அடையவில்லை. 1834இல் ஒரு நாள், லண்டன் வரை வண்டி ஓட்டிவரச் சொல்லி அப்பா மகனை அழைத்தார். வழியில்தான் விஷயத்தைச் சொன்னார்: கப்பலேறி ஓஸ்டெண்ட் போகிறார், இங்கே இருந்தால் கைது. அப்பாவை இறக்கிவிட்டு மகன் வீடு திரும்பினால், ஜப்திக்காரர்கள் உள்ளே இருக்கிறார்கள். தோட்டக்காரர் மெதுவாக வந்து, வண்டியோடு உள்ளே போனால் குதிரையும் போய்விடும் என்று எச்சரித்தார். பையன் அப்படியே ஊருக்குள் ஓட்டிப்போய் இரும்புக்கடைக்காரரிடம் குதிரை, வண்டி, சேணம் எல்லாவற்றையும் 17 பவுண்டுக்கு விற்றான். அந்தக் கடைக்காரருக்கு வீட்டிலிருந்து வரவேண்டிய பாக்கியும் சரியாக 17 பவுண்டுதான்! கையில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு பக்கம், அக்கம்பக்கத்தார் உதவியோடு வேலி இடுக்கு வழியாகப் பீங்கான் சாமான்களையும் புத்தகங்களையும் பக்கத்து வீட்டுக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள்.

பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் குடும்பம் ஒதுங்கியது. அங்கே அம்மா நோயாளிக் கணவரையும், காசநோயில் செத்துக்கொண்டிருந்த ஒரு மகனையும் பார்த்துக்கொண்டே நாவல் எழுதினார். மருந்து சீசாக்களும் மை சீசாவும் அம்மாவின் அறையில் ஒன்றாக இருந்தன என்று ட்ரோலப் நினைவுகூர்கிறார். வீடு விழிக்கும் முன் விடியற்காலை 4 மணிக்கு அவர் மேசையில் இருப்பார். எழுத்து என்பது குடும்பம் பிழைக்கச் செய்யும் வேலை என்பதை அந்தப் பையன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வீட்டில் பார்த்தான்.

இந்தத் துன்பத்திலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. விளையாட்டுக்குச் சேர்க்கப்படாத பையன் மனதுக்குள் ஒரு கதை ஓட்டுவான். நாயகன் அவனேதான். ஒரே கதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடும். நடக்கவே முடியாதது எதையும் உள்ளே விடக்கூடாது என்று அவனுக்கு ஒரு விதி. ராஜாவாகவோ பிரபுவாகவோ ஆகமாட்டான். கொஞ்சம் புத்திசாலியாக, நாலு பேருக்குப் பிடித்தவனாக இருப்பான், அவ்வளவுதான். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் தான் நாவலே எழுதியிருக்க மாட்டேன் என்கிறார். பின்னால் அவர் செய்த ஒரே மாற்றம், நாயகனிலிருந்து தன்னை எடுத்துவிட்டது.

90 பவுண்டு குமாஸ்தா

1834 நவம்பரில், தெரிந்தவர் சிபாரிசில், லண்டன் தலைமைத் தபால் அலுவலகத்தில் இளநிலைக் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 90 பவுண்டு. நேர்முகத்தில் பத்திரிகையிலிருந்து சில வரிகளை நகலெடுக்கச் சொன்னார்கள். பழைய இறகுப் பேனா. மை கொட்டியது, எழுத்துப் பிழையும் வந்தது. மறுநாள் நல்ல கையெழுத்து மாதிரியோடு வா, கணக்கிலும் சோதிப்போம் என்று அனுப்பினார்கள். ராத்திரி கிப்பனின் வரலாற்று நூலிலிருந்து நாலைந்து பக்கம் அழகாக எழுதிக்கொண்டு போனான் 19 வயதுப் பையன். அதை யாரும் கேட்கவே இல்லை. நேரே ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அடுத்த ஏழு ஆண்டு மோசமாகப் போயிற்று. சம்பளம் 140ஐத் தாண்டவில்லை. வேலைக்கு நேரத்தில் வரமாட்டார், மேலதிகாரியிடம் திட்டு வாங்குவார். தையற்காரருக்குத் தரவேண்டிய 12 பவுண்டு பாக்கிச் சீட்டு ஒரு வட்டிக்காரர் கைக்குப் போனது. அந்தச் சின்னக் கடன் ஊதி, கடைசியில் 200 பவுண்டுக்கு மேல் கட்டவேண்டியதாயிற்று. வட்டிக்காரர் தினமும் அலுவலகத்துக்கே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மிரட்டாமல், வருத்தத்தோடு, நீங்கள் மட்டும் நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் தருவேனே என்பார். இன்னொரு நாள், பெரிய கூடையும் பெரிய தொப்பியுமாக ஓர் அம்மாள் அலுவலகத்துக்குள் நுழைந்து, எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: “ஆண்டனி ட்ரோலப், என் பெண்ணை எப்போது கட்டிக்கொள்ளப் போகிறாய்?”

அந்த வட்டிக்காரர் கிட்டத்தட்ட அதே வசனத்தோடு 1869இல் ‘ஃபினியஸ் ஃபின்’ நாவலில் வருகிறார். அங்கே அவர் துரத்துவது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை. கிப்பன் நகலெடுத்த சங்கதி 1858இல் வந்த ‘தி த்ரீ கிளார்க்ஸ்’ நாவலின் தொடக்கத்தில் அப்படியே இருக்கிறது. இதே நாவலில் அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கும் சர் கிரிகரி ஹார்ட்லைன்ஸ் என்ற அதிகாரி வருகிறார். அது சர் சார்லஸ் ட்ரெவெல்யன்தான் என்று ட்ரோலப்பே ஒப்புக்கொள்கிறார். நாவல் வந்த அடுத்த ஆண்டு சென்னை மாகாண ஆளுநராக வந்தாரே, அதே ட்ரெவெல்யன். பின்னாளில் இருவரும் நண்பர்களானார்கள். வீட்டில் நாங்கள் இவரை சர் கிரிகரி என்றுதான் கூப்பிடுகிறோம் என்று ட்ரெவெல்யனின் மனைவி ட்ரோலப்பிடம் சொன்னாராம்.

அயர்லாந்து

1841இல் அயர்லாந்தில் ஒரு பதவி காலியானது. யாரும் போக விரும்பாத இடம். ட்ரோலப் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பெயருக்குச் சம்பளம் 100 பவுண்டுதான். ஆனால் வெளியூரில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 15 ஷில்லிங் படி, பயணம் செய்யும் ஒவ்வொரு மைலுக்கும் 6 பென்ஸ். செலவு போக ஆண்டுக்கு 400 பவுண்டு கையில் நின்றது. இந்த ஆள் உதவாக்கரை என்று லண்டனிலிருந்து ஏற்கெனவே குறிப்பு போயிருந்தது. புது மேலதிகாரி அதை அவரிடமே சொல்லிவிட்டு, நான் வேலையைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றார். ஒரு வருஷத்துக்குள் நல்ல ஊழியர் என்ற பெயர் வந்துவிட்டது.

அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று புகார்களை விசாரிப்பது. காவன் மாவட்டத்துக் கனவான் ஒருவர் தபால் ஏற்பாட்டால் தனக்குப் பெரிய அநியாயம் நடந்துவிட்டதாகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கடுங்குளிர், பனி. மூடாத வண்டியில் நாள் முழுக்கப் பயணம் செய்து, நனைந்து நடுங்கி, ட்ரோலப் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கனவான் பதறிப்போய் பிராந்தி கொடுத்தார், உலர்ந்த துணி கொடுத்தார், விருந்து வைத்தார், மகளைப் பாடச் சொன்னார். புகாரைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. மறுநாள் காலை ட்ரோலப் விடாமல் கேட்டபோது உண்மை வந்தது: நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், கடிதம் எழுதப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இது அப்படியே ஒரு சிறுகதை. அரசுச் செலவில் மனிதர்களின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேச முடிந்தது ஒரு நாவலாசிரியனுக்கு எவ்வளவு பெரிய வரம் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1843இல் வேலை நிமித்தம் லைட்ரிம் மாவட்டத்தின் ட்ரம்ஸ்னா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, நண்பரோடு நடந்துபோன வழியில் இடிந்து கிடந்த ஒரு பெரிய வீட்டைப் பார்த்தார். அதில் வாழ்ந்து கெட்டவர்கள் யாராக இருக்கும் என்று யோசித்ததில் பிறந்தது முதல் நாவல், ‘தி மக்டெர்மட்ஸ் ஆஃப் பாலிக்ளோரன்’. வீடு இழந்த குடும்பத்துப் பையனுக்கு அந்த இடிந்த வீடு கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை.

இனி வருமானம். முதல் நாவல் 1847இல் வந்தது, லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம், வரவு ஒன்றும் இல்லை. இரண்டாவது நாவல் 1848இல். 375 பிரதி அச்சிட்டு 140 விற்றது. தனக்கு 63 பவுண்டு 10 ஷில்லிங் ஒன்றரை பென்னி நஷ்டம் என்று பதிப்பாளர் கடிதம் எழுதினார். மூன்றாவது, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து சரித்திர நாவல், 20 பவுண்டு. நான்காவதான ‘தி வார்டன்’ 1855இல் வந்தது, முதல் ஆண்டில் 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ், அடுத்த ஆண்டில் 10 பவுண்டு 15 ஷில்லிங் 1 பென்னி. கல் உடைத்திருந்தால்கூட இதைவிடக் கூலி வந்திருக்கும் என்று அவரே எழுதுகிறார்.

கூட்டிப் பாருங்கள். 1843இல் முதல் நாவலைத் தொடங்கியதிலிருந்து 1856 முடியும்வரை நான்கு நாவல்கள் அவருக்குக் கொடுத்தது சுமார் 40 பவுண்டு. இடையில் 1844இல் திருமணம், இரண்டு ஆண் குழந்தைகள். தபால் இலாகா சம்பளம் இல்லாவிட்டால் இந்த ஆள் இரண்டாவது நாவலோடு நின்றிருப்பார், அல்லது பதிப்பாளர் கேட்டதையெல்லாம் எழுதித் தள்ளியிருப்பார். நாலு தோல்விக்குப் பிறகும் ஐந்தாவதை எழுத முடிந்ததற்குக் காரணம் மன உறுதி என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, மாதச் சம்பளம்.

குதிரைமேல் ஒரு கணக்கெடுப்பு

1851இல் அவரை இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக்கு அனுப்பினார்கள். கிராமங்களுக்குத் தபால் விநியோகப் பாதை வகுக்கும் வேலை. எந்தத் தபால்காரர் எந்த வழியாகப் போகவேண்டும், எத்தனை வீடு, எத்தனை கடிதம் வரும், அந்தக் கடிதங்கள் அவர் கூலிக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்க்கவேண்டும். ஒரு ஆளை நாளுக்கு 16 மைலுக்கு மேல் நடக்கவைக்கக்கூடாது. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்து இதைச் செய்திருக்கலாம். ட்ரோலப் இரண்டு ஆண்டு குதிரையிலேயே சுற்றினார், பெரும்பாலான நாட்கள் 40 மைல் வரை. டெவன், கார்ன்வால், சாமர்செட், டார்செட், வில்ட்ஷயர் என்று ஒரு சந்து விடவில்லை. மைலுக்கு 6 பென்ஸ் படி உண்டு என்பதும் அவருக்கு மறக்கவில்லை, அதையும் சொல்கிறார்.

வேட்டைக்குப் போகிற உடையில் ஒருவர் விடியற்காலையில் பண்ணை வீட்டு முற்றத்துக்குள் குதிரையோடு நுழைந்து, உங்களுக்குக் கடிதம் எப்படி வருகிறது, கொண்டுவருகிறவர் தனியாகக் காசு கேட்கிறாரா என்று சரமாரியாகக் கேட்டால் எப்படி இருக்கும்? பண்ணைக்காரர்கள் வாய் பிளந்து நின்றார்கள். நல்ல சேதியோடு வந்த தேவதூதன் நான், அவர்களுக்குத்தான் அது சரியாகப் புரியவில்லை என்கிறார். தெருவில் நிற்கும் தபால்பெட்டியை அந்தப் பக்கம் கொண்டுவந்ததும் அவர்தான். பிரான்சில் பார்த்திருந்ததை வைத்து அவர் செய்த சிபாரிசின்படி 1852 நவம்பரில் ஜெர்சித் தீவின் செயின்ட் ஹீலியரில் முதல் பெட்டிகள் வந்தன.

இந்தச் சுற்றலில்தான் அவருடைய பார்செட்ஷயர் உருவானது. இங்கிலாந்தின் வரைபடத்தில் இல்லாத ஒரு மாவட்டம். ஆறு நாவல்களில் அதன் சாலைகள், பாதிரியார் வீடுகள், பண்ணைகள், தூரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கடிதம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்த ஒருவர் கட்டிய மாவட்டம் அது.

1852இன் ஒரு கோடை மாலையில் சாலிஸ்பரி தேவாலயத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது ‘தி வார்டன்’ கதை மனதில் விழுந்தது. அங்கே ஒரு சின்னப் பாலத்தின் மேல் ஒரு மணி நேரம் நின்று, கதையில் வரும் முதியோர் விடுதி எந்த இடத்தில் இருக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். எழுதத் தொடங்கியது அடுத்த ஆண்டு ஜூலையில்தான். நடுவில் தபால் பாதை வேலை.

தெரியாத பாதிரியார்கள்

‘தி வார்டன்’ நாவலும் அதைத் தொடர்ந்து 1857இல் வந்த ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலும் திருச்சபைப் பாதிரியார்களின் உலகம். பிஷப்புக்கு அடுத்த நிலைப் பாதிரியாரான ஆர்ச்டீக்கன் கிராண்ட்லி என்ற பாத்திரம் அச்சு அசலாக இருக்கிறது, ஆசிரியர் அந்தச் சூழலிலேயே வாழ்ந்தவராக இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ட்ரோலப் சொல்வது வேறு. லண்டனைத் தவிரப் பேராலயம் உள்ள எந்த நகரத்திலும் வாழ்ந்ததில்லை, எந்தப் பாதிரியாரோடும் அப்போது நெருங்கிப் பழகியதில்லை, ஓர் ஆர்ச்டீக்கனிடம் பேசியதுகூட இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் எப்படி இருப்பார், எப்படி இருக்கவேண்டும் என்று மனதுக்குள்ளேயே உருவாக்கியதுதான் என்கிறார்.

அவருடைய சொல்லை நம்புகிறேன். ஆனால் அது முழு விளக்கம் அல்ல. ‘தி வார்டன்’ எதைப் பற்றியது? பன்னிரண்டு ஏழை முதியவர்களுக்காக என்றோ ஒருவர் எழுதிவைத்த அறக்கட்டளை. அதன் நிர்வாகியாக நல்ல மனம் படைத்த ஒரு கிழவர், செப்டிமஸ் ஹார்டிங், ஆண்டுக்கு 800 பவுண்டு வாங்குகிறார். இந்தச் சம்பளம் நியாயமா என்று பத்திரிகை கேட்கிறது. கிழவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. வேலையை விடுவதா, விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி, மருமகன் ஏன் கத்துகிறான்: கதை இவ்வளவுதான். 18 ஆண்டு அரசு ஊழியராக இருந்து, பதவி, மூப்பு, படி, மேலதிகாரியின் முகம் எல்லாவற்றையும் உடம்பில் உணர்ந்த ஒருவருக்கு, அங்கி போட்ட அரசு ஊழியர்களைப் புரிந்துகொள்ள தேவாலய வாசம் எதற்கு? பிஷப் பதவிக்கு நடக்கும் இழுபறியும் தபால் இலாகாவில் உதவிச் செயலர் பதவிக்கு நடக்கும் இழுபறியும் ஒரே ஜாதி.

அதனால்தான் நேரடியாகத் தன் குமாஸ்தா வாழ்க்கையை வைத்து எழுதிய ‘தி த்ரீ கிளார்க்ஸ்’ எனக்கு இரண்டாம் தரமாகப் படுகிறது. அதில் நடந்தது நிறைய இருக்கிறது, கோபமும் இருக்கிறது. போட்டித் தேர்வைத் தாக்குவதற்காகக் கதை அங்கங்கே நின்றுவிடுகிறது. பாதிரியார் உலகத்துக்குள் போனபோது சம்பவங்களை விட்டுவிட்டு, அனுபவத்தின் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதுவே நல்லதாகிவிட்டது.

இதன் உச்சம் 1867இல் முடிந்த ‘தி லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்’. ஆண்டுக்கு 130 பவுண்டு வாங்கும் ஏழைப் பாதிரியார் ஜோசையா க்ராலி. பெரும் படிப்பாளி, எவரிடமும் வளையாதவர், குடும்பத்தைத் தன் கர்வத்தாலேயே வதைப்பவர். 20 பவுண்டு காசோலை ஒன்றைத் திருடியதாக அவர்மேல் பழி விழுகிறது. அது எப்படித் தன் கைக்கு வந்தது என்று அவருக்கே நினைவில்லை. வாசிக்கும்போது ஹாரோவில் நொடித்துப்போன அந்த வழக்கறிஞர் அப்பா கண்முன் நிற்கிறார். மகன் அப்பாவைப் பற்றி நேராக எழுதியபோது சில பக்கங்களில் முடித்துக்கொண்டார். க்ராலிக்கு ஒரு பெரிய நாவலையே கொடுத்தார். அப்பாவிடம் காட்டமுடியாமல் போன பரிவெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த நாவல் எழுதும்போது நடந்த ஒன்று. லண்டனின் அதீனியம் கிளப்பில் ட்ரோலப் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பாதிரியார்கள் ஆளுக்கொரு பத்திரிகையோடு கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கதைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். அதே பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார், புதுசாகச் செய்யத் தெரியாவிட்டால் எழுதாமல் இருக்கலாமே என்றார் ஒருவர். அப்புறம் பேச்சு பிஷப்பின் மனைவி திருமதி ப்ரௌடியிடம் வந்து நின்றது. ட்ரோலப் எழுந்து அவர்கள் நடுவே போய், குற்றவாளி நான்தான் என்றார். “திருமதி ப்ரௌடி விஷயம்தானே, வீட்டுக்குப் போய் இந்த வாரம் முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன்.” கொன்றும்விட்டார். பிறகு ரொம்ப வருத்தப்பட்டார்.

காலை ஐந்தரை

வேலைக்கு நடுவே எப்படி எழுதினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. ஆனால் வழக்கமாக விட்டுப்போகும் ஒரு விவரம் எனக்கு முக்கியம். லண்டன் பக்கம் வால்தம் கிராஸில் குடியேறிய பிறகு, காலை ஐந்தரைக்கு எழுத்து மேசையில் இருப்பார். அவரை எழுப்பிக் காப்பி கொடுப்பது ஒரு வயதான குதிரைப் பணியாளரின் பொறுப்பு. அதற்காகவே அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த வெற்றிக்கு வேறு யாரையும்விட இவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்கிறார். எழுதுகிறவருடைய காலை நேரத்தைக் காப்பாற்ற வேறு யாரோ தூக்கம் கெட்டு எழுந்திருக்கிறார்கள் என்பதை எத்தனை எழுத்தாளர்கள் எழுதிவைக்கிறார்கள்?

மூன்று மணி நேரம். முதல் அரை மணி நேற்று எழுதியதைப் படிக்க. பிறகு கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிக்கு 250 சொல். அந்த வேகத்தில் பார்த்தால் இது இயந்திர வேலை போலத் தோன்றும். ஆனால் பாத்திரங்களோடு படுத்து, பாத்திரங்களோடு எழுந்திருக்க வேண்டும் என்றும் அவர்தான் சொல்கிறார். குதிரைமேல் 40 மைல் போகும்போது மனம் என்ன செய்துகொண்டிருந்தது? சிறுவயதுப் பழக்கம் வேலைப் பயணங்களில் தொடர்ந்திருக்கவேண்டும். மேசையில் நடந்தது இறக்கிவைப்பது மட்டும்தான்.

ரயிலில் போகும்போது மடியில் வைத்து எழுத ஒரு பலகை செய்துகொண்டார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ பெரும்பகுதி அப்படிப் பென்சிலால் எழுதியது, மனைவி ரோஸ் பிறகு பிரதி எடுத்தார். 1858இல் எகிப்து வழியாக இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் தபாலுக்காக ஒப்பந்தம் பேச அனுப்பினார்கள். கப்பலில் குமட்டலுக்கு நடுவே எழுந்து ஓடி ஓடி வந்து ‘டாக்டர் தார்ன்’ எழுதினார். எகிப்தைக் கடக்க 48 மணி நேரம் வேண்டும் என்றார் எகிப்துத் தரப்பு அதிகாரி நூபர் பே. 24தான் என்று பிடிவாதமாக நின்று ஜெயித்தார் ட்ரோலப். ‘டாக்டர் தார்ன்’ 400 பவுண்டுக்குப் போயிற்று. அதை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார்.

1860 ஜனவரியில் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயை ஆசிரியராகக் கொண்டு ‘கார்ன்ஹில்’ மாத இதழ் தொடங்கியது. முதல் இதழ் ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது. அதில் முதல் தொடர்கதை ட்ரோலப்புடையது, 1000 பவுண்டுக்கு. அதிலிருந்து தொகைகள் ஏறின: ‘ஆர்லி ஃபார்ம்’ 3135, ‘கேன் யூ ஃபர்கிவ் ஹர்?’ 3525. ‘ஆர்லி ஃபார்ம்’ நாவலில் மில்லே வரைந்த பண்ணை வீட்டுப் படம், ட்ரோலப் குடும்பம் ஹாரோவில் குடியிருந்த அதே வீடு. லாபத்தில் பங்கு என்ற பேச்சையே அவர் பிறகு ஏற்கவில்லை. மொத்தத் தொகை, ஒரே தடவை. முதல் நாவலின் அனுபவம் அப்படி. ஒரு பதிப்பாளரை நம்பித்தான் அடுப்பெரியவேண்டும் என்ற நிலை இல்லாததால், விலை பிடிக்காவிட்டால் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போக முடிந்தது. அப்படி ஒரு வாசலில் முதலாளி இல்லை, மேற்பார்வையாளர்தான் இருந்தார். சரித்திரக் கதை இல்லையே, தயவுசெய்து சரித்திரம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம்.

வேலையை விட்ட பிறகு

1864இல் உதவிச் செயலர் பதவி அவருக்குக் கிடைக்காமல் இன்னொருவருக்குப் போனது. மனது விட்டுப்போயிற்று. இருந்தும் உடனே ராஜினாமா செய்யவில்லை. பென்ஷனுக்கு ஈடான வருமானம் தரும் அளவுக்குச் சேமிப்பு சேர்ந்த பிறகு, 1867இல், பென்ஷன் வயதுக்கு எட்டு ஆண்டு முன்னதாக வெளியே வந்தார். எழுத்துப் பணி தபால் பணியில் குறுக்கிட்டதே இல்லை என்று இலாகா எழுதிக் கொடுத்த வரியை வைத்து அவர் மிகவும் பெருமைப்பட்டார்.

வெளியே வந்து செய்தவை எல்லாம் சரிப்படவில்லை. ஆண்டுக்கு 1000 பவுண்டு சம்பளத்தில் ‘செயின்ட் பால்ஸ்’ இதழின் ஆசிரியரானார். மூன்றரை ஆண்டுதான், விற்பனை எழும்பவில்லை. 1868இல் யார்க்ஷயரின் பெவர்லி தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்றார். நீங்கள் ஜெயிக்கமாட்டீர்கள், பணம் போகும், அப்புறம் வழக்குப் போடுவீர்கள், விசாரணை வரும், தொகுதியையே ரத்து செய்வார்கள் என்று அவருடைய தேர்தல் முகவரே முதல் நாளில் சொல்லிவிட்டார். ஓட்டுக்குக் காசு வாங்குவது அங்கே பரம்பரை வழக்கம். ட்ரோலப் 740 ஓட்டு வாங்கிக் கடைசியாக வந்தார், 400 பவுண்டு செலவு. 1870இல் தொகுதி உரிமை நிஜமாகவே பறிக்கப்பட்டது. பெவர்லியைப் பெர்சிக்ராஸ் என்ற பெயரில் 1871இல் ‘ரால்ஃப் தி எயர்’ நாவலில் கொண்டுவந்தார். அந்த அத்தியாயங்கள் நாவலிலேயே உயிருள்ள பகுதி. தோற்றவர் எழுதியதால் வந்த உயிர் அது.

மகன் ஃப்ரெட்ரிக் ஆஸ்திரேலியாவில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தார். 1871இலும் 1875இலும் ட்ரோலப் அங்கே போனார். இரண்டாவது பயணத்தில் இலங்கையில் இறங்கி, அங்கே ஆளுநராக இருந்த பழைய பள்ளித் தோழர் வில்லியம் கிரிகரியைப் பார்த்துவிட்டுப் போனார். மகனின் பண்ணை வாழ்க்கை ஒரு நாவலாயிற்று. பண்ணை நஷ்டமானது.

பழைய வேலை மட்டும் அவரை விட்டுப்போகவில்லை. வெளியே வந்து 12 ஆண்டு கழித்து, 1879இல், ‘ஜான் கால்டிகேட்’ வந்தது. 1800 பவுண்டு கிடைத்த நாவல். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்திலிருந்து திரும்பி இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொண்டவன்மேல், அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள் என்று வழக்கு. முக்கிய சாட்சியம் ஓர் உறை. அவன் கையெழுத்தில் ‘திருமதி கால்டிகேட்’ என்று முகவரி, தபால்தலை, சிட்னி முத்திரை. அவன் சிறைக்குப் போகிறான். வக்கீல்களால் முடியாததை லண்டன் தபால் அலுவலகக் குமாஸ்தா பாக்வாக்ஸ் செய்கிறார். இரவும் பகலும் அந்த உறையைப் பார்த்து, முத்திரையிலுள்ள தேதிக்குப் பிறகுதான் அந்தத் தபால்தலையே அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்.

பாக்வாக்ஸுக்கு ஒரு சொந்த ஆசையும் இருந்தது. முத்திரையை நேரில் ஆராய அரசுச் செலவில் அவரைச் சிட்னிக்கு அனுப்புவதாக இருந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பயணம், பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது போன்ற உற்சாகம். தான் கண்டுபிடித்ததை வெளியே சொன்னால் பயணம் தேவையில்லாமல் போய்விடும். சொல்லிவிடுகிறார். பயணப்படி வாங்கிய ஒருவரால்தான், ஒரு குமாஸ்தாவுக்கு அந்தப் பயணம் எவ்வளவு பெரியது என்று இப்படி எழுத முடியும். சிட்னி தபால் அலுவலகத்தில் இருக்கும் என் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அங்கே வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நாவலிலேயே ஓர் அடிக்குறிப்பும் போட்டிருக்கிறார் ட்ரோலப்.